கூடம் கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிளேஸ்டேஷனில் கால்பந்து ஆடித் தோற்கும் ஒவ்வொரு இரவும் என் பேரன் 'லேக், லேக்' என்று கத்தும்போது இந்தப் பழமொழிதான் எனக்கு ஞாபகம் வரும். நாலு மாதம் இப்படிப் போயிற்று. பழமொழியை நம்புகிறவனுக்கு உள்ள சௌகரியம், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்பது. கூடம் நிஜமாகவே கோணல்தான் என்பதும், அதைக் கோணலாக்கியது நான்தான் என்பதும் பிறகு தெரியவந்தன. அந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் இது. கவிதைக்கும் விமர்சனத்துக்கும் ஆன பக்கங்களில் ரூட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் பழைய பத்திரிகைகளும் இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

நங்கநல்லூரில் இரண்டாம் மாடியில் நான், என் பெண், அவள் பையன் மூவரும் இருக்கிறோம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் தளம் ஒன்றில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை, பதினைந்து நாள் வருவார். பையனுக்குப் பதினைந்து வயது. போனில் முகம் பார்த்துப் பேச வைத்தால் இருவருக்கும் பேச்சு வராது. 'சாப்பிட்டியா', 'ம்', 'படிக்கிறியா', 'ம்'. அதோடு போன் என் பெண்ணின் கைக்கு வந்துவிடும். இதற்கு மாற்றாக மாப்பிள்ளை கண்டுபிடித்ததுதான் இந்த ஆட்டம். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என இரண்டு கன்சோல்கள். இங்கே இரவு எட்டரை, அங்கே பதினொன்று. அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சியில் சேர்ந்து, முகமறியாத இரண்டு பேரை எதிர்த்து ஆடுவார்கள். தலையில் மாட்டிய ஹெட்செட்டில் பேச்சு தனியாக ஓடும். இரண்டு பேர் கண்ணும் பந்தின் மேல் இருப்பதால் பேச்சு சுலபமாக வந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் சொன்ன விஷயங்களை எந்தப் பையனாவது எதிரே நின்று சொல்லியிருப்பானா? பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இவனை அறைந்தது எங்களுக்கு முன்பே சிங்கப்பூருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஏதோ கெட்டுப்போயிற்று. பந்து கால் மாறி நிற்கிறது, பொத்தானை அழுத்திய பிறகு ஆள் ஓடுகிறான் என்று பையன் புகார் சொன்னான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு உறைத்தது வேறு. ஒரு நாள் மாப்பிள்ளை என்னிடம் தனியாக, "மாமா, அவன் என்கிட்ட பேசறதுக்கே யோசிக்கறான். ஒண்ணு கேட்டா, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பதில் வருது. மனசுல ஏதாவது இருக்கா?" என்றார். நான் பையனைக் கேட்டேன். "அப்பாதான் தாத்தா, நான் சொல்றதையே கேக்கறதில்ல. நான் பேசிண்டிருக்கும்போதே அடுத்தது கேக்கறார்" என்றான். ஆட்டம் முன்பைவிடச் சீக்கிரமே முடிய ஆரம்பித்தது - அரை மணிகூட இல்லை. என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஆக, எழுபது வயதில் ரூட்டரின் முன் உட்கார்ந்தேன்.

இந்தத் துறையிலும் நாட்டு வைத்தியம் ஏராளம். டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ போட்டால் ஆட்டம் பறக்கும் என்று பையனின் சிநேகிதர்கள் எல்லாரும் சொன்னார்கள். போட்டோம், பறக்கவில்லை. டி.என்.எஸ். செய்வது பெயரைக் கொடுத்தால் விலாசத்தைச் சொல்வது. விலாசம் கிடைத்த பிறகு போகும் வழிக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. ஊர் எங்கே என்று வழி சொன்னவன் பஸ்ஸை ஓட்டுவதில்லை. அடுத்து எம்.டி.யு. இது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு. அதை 1473 என்று மாற்று என்று ஒரு கட்சி. வழக்கமான அளவு 1500. சில இணைப்பு முறைகளில் அதில் எட்டு குறைந்து 1492. 1473க்கு ஒரு மந்திரத்தகட்டின் அந்தஸ்து இருக்கிறதே தவிர வேறு நியாயம் இல்லை. அதையும் போட்டுப் பார்த்து எடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரூபணம் இல்லாத நம்பிக்கைகளைக் கேலி செய்தே என் இளமை போயிற்று. ஆனால் பேரன் நிற்கும்போது கை தானாகத் தட்டச்சு செய்கிறது.

நாட் என்பது அப்படிப்பட்ட மூடநம்பிக்கை இல்லை, உண்மையான விஷயம். வீட்டில் போன், டி.வி., கன்சோல் என்று பத்து கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரியும் விலாசம் ஒன்றுதான். உள்ளேயிருந்து வெளியே போவதை ரூட்டர் குறித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக வருவதை உரியவரிடம் சேர்க்கிறது. கேட்காமல் வருவதைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு வீட்டுக் கன்சோல்கள் நேராகப் பேசிக்கொள்ள வேண்டுமானால் இந்தக் காவல்காரன் குறுக்கே நிற்பான். யு.பி.என்.பி. என்ற ஏற்பாட்டை இயக்கினால் கன்சோலே ரூட்டரிடம் கேட்டுத் தனக்கு ஒரு கதவைத் திறந்துகொள்ளும். இல்லையென்றால் கதவெண்ணைக் கையால் எழுதித் திறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் இந்த நிலையை வகை 1, 2, 3 என்று சொல்கிறது. 3 என்றால் அவஸ்தை. எதிராளி கிடைப்பதும் பேச்சு சேர்வதும் சிரமம். எங்களுடையது 2. வீட்டு ரூட்டர் உள்ளவர்களுக்கு அதுவே இயல்பு, அதை 1 ஆக்குகிறேன் என்று கிளம்புவது வீண்வேலை.

கிளம்பியதில் ஒன்று தெரிந்தது. எங்கள் ரூட்டருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வெளி விலாசம் 100 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள விலாசங்கள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை: இணைப்பு தரும் கம்பெனி, பல வீடுகளை ஒரே பொது விலாசத்தின் பின்னால் நிறுத்துவதற்கு. பழைய முறையில் மொத்தமே 430 கோடிக்குச் சற்றுக் குறைவான விலாசங்கள். பங்கிட்டுக் கொடுக்க மத்தியில் வைத்திருந்த இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆகவே நாங்கள் இருப்பது விலாசமுள்ள வீட்டில் இல்லை, ஒரு பெரிய ஒண்டிக்குடித்தனத்தில். உள் கதவை எத்தனை அகலமாகத் திறந்தாலும் வாசல் கதவுச் சாவி வேறு யாரிடமோ. இது தெரியாமல் இரண்டு இரவு கதவெண்களை எழுதி எழுதி அழித்திருக்கிறேன்.

கம்பியில்லாத் தொடர்பைக் குறை சொன்னது என் அடுத்த கட்டம். அதில் ஓரளவு பலன் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத தடங்கள் மூன்றே - 1, 6, 11. எங்கள் குடியிருப்பில் போனைத் திறந்தால் இருபதுக்கு மேல் வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். அத்தனை பேரும் அந்த மூன்று தடங்களில். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அக்கம்பக்கத்து அலைநீளம். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும் என்பது வைஃபையின் இலக்கணம். நம் இலக்கியக் கூட்டங்களில் இல்லாத ஒழுங்கு. கூடத்திலிருந்து பையனின் அறைக்கு, கதவு மேல் வெண்டிலேட்டர் வழியாக, ஒரு கேபிளை இழுத்தோம். சுவரோரம் ஆணி அடித்ததற்கு என் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதுவரை 40க்கும் 90க்கும் இடையே தாவிக்கொண்டிருந்த பிங் 45இல் நின்றது. வெற்றி என்று நினைத்தேன். அன்று இரவு எட்டே முக்காலுக்கு மறுபடியும் 'லேக்'.

பிங் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது வேகம் என்று சொல்லப்படுகிற ஒன்று - எங்களுக்கு இறக்கத்தில் 50 மெகாபிட், ஏற்றத்தில் 5. இது குழாயின் விட்டம். ஒரு துளி இங்கிருந்து அங்கே போய்த் திரும்ப எத்தனை நேரம் என்பது வேறு அளவு. அதைத்தான் பிங் சொல்கிறது. விட்டம் அதிகமானால் துளி சீக்கிரம் போகும் என்று எல்லாரும் நினைக்கிறோம், விளம்பரங்களும் அப்படித்தான் நினைக்க வைக்கின்றன. குரலுக்கு ஒரு மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்கே தாராளம். இதற்குப் போய் இருமடங்கு பணம் கட்டி 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள்கள் உண்டு. 2002இல் போடப்பட்ட ஐ2ஐ என்பது சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. போக 16 மில்லிநொடி, வர 16. இந்த 32க்குக் கீழே எந்த ரூட்டரும் கொண்டுபோக முடியாது. அது ஸ்தூலமான தூரம், வங்காள விரிகுடா. எங்களுக்கு 45 வந்தது என்றால் மிச்சம் 13 மட்டுமே மனிதர்களும் மெஷின்களும் சேர்த்த தாமதம். யோசித்தால் வியப்பாக இருக்கிறது: மாப்பிள்ளை அடுத்த அறையில் இருப்பதற்குச் சமம். ஆனால் பேச்சில் அவர் அடுத்த அறையில் இல்லை.

இனி என் குற்றம். பதினோரு வருஷமாக நான் சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். 'எழுத்து', 'நடை', 'கசடதபற', 'பிரக்ஞை' - பெட்டியில் இருந்தவை, இரவல் வாங்கித் திருப்பாதவை, பழைய பேப்பர் கடையில் மீட்டவை. தாள் பழுத்து, மடித்த இடத்தில் முறிகிறது. இனி ஒரு தலைமுறை தாங்காது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட், குறைத்துச் சேமிக்க மனம் வரவில்லை. பின்னட்டையில் சந்தா நினைவூட்டல் இருந்தால் அதையும் விடுவதில்லை. பகலில் ஸ்கேன், இரவு சாப்பாட்டுக்குப் பின், எட்டே முக்கால் சுமாருக்கு, கம்ப்யூட்டரைத் தட்டி அத்தனையையும் தூரத்து சேமிப்பகத்துக்கு ஏற்றிவிட்டுப் படுக்கப் போவேன். இரண்டு இதழ் என்றால் ஒரு மணி நேரம் ஏறும்.

அன்று என் கம்ப்யூட்டரில் பிங் எண்கள் ஓடும் ஜன்னலை மூட மறந்து, வழக்கம்போல ஏற்றத்தைத் தொடங்கினேன். 45, 46, 45, 120, 380, 700, 890. நிறுத்தினேன். இரண்டு நொடியில் 45. தொடங்கினேன், 900. மூன்று தடவை செய்தேன். மூன்றாவது தடவை செய்ய அவசியம் இருக்கவில்லை.

பரிசோதனை முடிந்த பிறகுதான் படித்தேன். ஐந்து மெகாபிட் வாசலின் முன்னால் ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது, மோடத்துக்குள். வாசல் தாங்குவதற்கு மேல் வருவதை அது உட்கார வைக்கிறது. 850 மில்லிநொடி கூடுதல் தாமதம் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஐந்நூற்றுச் சொச்சம் கிலோபைட், ஏறத்தாழ 350 பொட்டலங்கள். ரேஷன் கடையில் ஒரே தராசு. எனக்கு முன்னால் ஒருவன் 350 மூட்டையோடு நிற்கிறான். என் பேரன் ஒரு படி உப்புக்காகப் பின்னால் நிற்கிறான். அந்த உப்பு அவன் குரல். மூட்டைக்காரன் நான்.

இதில் நுட்பமான கொடுமை ஒன்று. வரிசை ஏறும் வழியில் மட்டும்தான். இறங்கும் வழி காலி. அப்பா கேட்பது உடனே இங்கே கேட்கிறது. பையன் உடனே பதில் சொல்கிறான். அது ஒரு நொடி கழித்து அங்கே போய்ச் சேர்கிறது. அந்த ஒரு நொடியில் அப்பாவுக்குக் கேட்பது மௌனம். மௌனத்தைத் தாங்காமல் அடுத்த கேள்வி கேட்கிறார். அது உடனே வந்து, பேசிக்கொண்டிருக்கும் பையனை வெட்டுகிறது. இவர் கணக்கில் அவன் தயங்குகிறான், அவன் கணக்கில் இவர் கேட்பதில்லை. இருவர் சொன்னதும் அட்சரசுத்தமான நிஜம். சுபாவத்தில் இல்லாத ஒன்றை ஒரு வரிசை அவர்களுக்குள் உண்டாக்கிவிட்டது. ஆட்டமாவது இதைக் கொஞ்சம் மூடி மறைக்கும். 1996இல் 'குவேக்வேர்ல்ட்' காலத்திலிருந்தே இந்த ஆட்டங்கள் பலவற்றில் திரை நிஜத்துக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துக் காட்டிவிட்டுப் பின்னால் திருத்திக்கொள்கின்றன. பந்து கால் மாறி நிற்பது அந்தத் திருத்தம்தான். பிள்ளை சொல்லப்போகும் பதிலை அப்படி ஊகித்து நிரப்ப முடியாது.

காத்திருப்பு அறை ஏன் அத்தனை பெரிது? ஒரு பொட்டலம்கூடத் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தால். நினைவகம் மலிவானது, தாராளமாக வைத்தார்கள். ஆனால் கோப்பை ஏற்றும் முறையின் அடிப்படையே தொலைப்பதில் இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் 400 கஜ தூரத்தில் உள்ள இரண்டு ஸ்தாபனங்களுக்கு இடையே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய பாதையில் 40 பிட் மட்டும் ஓடியது. எல்லாரும் ஒரே சமயம் அனுப்பி, போகாததை மறுபடி அனுப்பி, நெரிசலில் மூச்சு நின்ற கதை. வான் ஜேக்கப்ஸன் 1988இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒரு பொட்டலம் தொலைந்தால், அதை 'மெதுவாகப் போ' என்ற சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து கம்ப்யூட்டர்கள் பொதுவாக அப்படித்தான், தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. தொலைக்க மறுக்கும் மோடம் அந்தச் சேதியை அமுக்கிவிடுகிறது. என் கம்ப்யூட்டர் எல்லாம் நலம் என்று எண்ணி மேலும் அனுப்புகிறது.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதில்லை. 1985லேயே ஜான் நேகிள், எல்லையற்ற சேமிப்பிடம் கொண்ட கருவிகளைப் பற்றி எழுதிவிட்டார் - இடம் எத்தனை இருந்தாலும் நெரிசல் தீராது என்று. கால் நூற்றாண்டு கழித்து, 2010இல், ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதே நோயைப் பார்த்து, பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்ஸனும் கொடுத்த வைத்தியத்தின் பெயர் கோடல். அறையில் எத்தனை பேர் என்று அது எண்ணுவதில்லை. உள்ளே வந்தவர் எத்தனை நேரம் நின்றார் என்று பார்க்கிறது. ஐந்து மில்லிநொடிக்கு மேல் காத்திருப்பு நீடித்து, அது 100 மில்லிநொடியாகியும் தணியாவிட்டால், ஒன்றைத் தூக்கி எறிகிறது. எறிந்தது நஷ்டமில்லை, அனுப்பியவன் மறுபடி அனுப்புவான், இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக.

பதினோரு வருஷமாக ஒரு பின்னட்டையைக்கூட எறியாதவனுக்கு இதைப் படிக்கும்போது என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. 'இந்தக் கவிதைகள் இதில் வந்திருக்கவே கூடாது' என்று ஓரத்தில் நானே 1979இல் பென்சிலால் எழுதிய இதழையும் 17 மெகாபைட் வீதம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்காக ஸ்கேன் செய்வதை நிறுத்தப் போவதில்லை. தொலைவது நல்லது என்று ரூட்டரிடம் கற்றுக்கொண்டு வந்து இலக்கியத்துக்குச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. அங்கே தொலைந்ததை மறுபடி அனுப்ப ஒருவன் இருக்கிறான். இங்கே அனுப்பியவர்கள் பெரும்பாலும் செத்துப்போய்விட்டார்கள்.

நேரத்தை மாற்றினால் போதும், விடியற்காலை ஏற்றலாம். ஆனால் பையனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் நேரத்தை மாற்றுவதை ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க ஏத்துங்கோ தாத்தா, கூடத்தை நேராக்கிடலாம்" என்றான் - பழமொழியை நான் அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு பழைய ரூட்டரை வாங்கினோம். ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி என்ற இலவச மென்பொருளை அவன் ஏற்றினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழிமுறையை வாய்விட்டுப் படித்தேன். மோடத்தை வெறும் பாலமாக மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை போன். பிறகு எஸ்.க்யூ.எம். என்ற பக்கத்தில் இரண்டே எண்கள்: இறக்கம் 45, ஏற்றம் 4.5. வாங்கியதில் பத்தில் ஒரு பங்கை நாமே வேண்டாம் என்று விடுவது. அப்படி விட்டால்தான் வரிசை மோடத்துக்குள் சேராமல் நம் ரூட்டருக்குள் சேரும். இங்கே கோடல் காவல் இருக்கிறது, மூட்டைக்காரனையும் உப்புக்காரனையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி மாற்றி மாற்றி அனுப்புகிறது. ஏற்றத்தைத் தொடங்கினேன். 46, 49, 52, 48. 'எழுத்து' ஏறிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து சொன்னேன். "உங்க பையன் யோசிக்கலை, மாப்ளே. என் பத்திரிகை ஏறிண்டிருந்தது." அவர் சிரித்தார். பிறகு, "நாலு மாசமா மாமா?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் எட்டரைக்கு ஆட்டம். என் மேஜையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பையன் அன்று ஹெட்செட்டை மாட்டவில்லை, டி.வி.யிலேயே குரல் வந்தது. முதல் பாதியில் இரண்டு கோல், பேச்சு முழுக்க அதைப் பற்றியே. இடைவேளைக்குப் பின், ஓடும் சத்தத்துக்கு நடுவே, அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "அம்மா எப்படிடா இருக்கா?"

பதில் வரவில்லை. நான் எண்ணைப் பார்த்தேன். 47. பையன் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு நின்றான், யாருக்கும் தட்டவில்லை. 46. சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. 47. சிங்கப்பூரிலிருந்து இரண்டாவது கேள்வி வரவில்லை.

"நீ எப்ப வரேன்னு கேக்கறா" என்றான் பையன். பிறகு, "அப்பா, லெஃப்ட்ல ஓடு, போடறேன்."